ஊசி போட்டால்தான் வார்டுக்குள் விடுவோம் என்று கல்லூரி சொல்லலாமா?

கேள்வி: களியக்காவிளைக்கு அருகே பலசரக்குக் கடை நடத்துகிறேன். என் மகள் எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். சென்ற மாதம் அவளுக்கு 18 வயது முடிந்தது. கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் நோய்) ஊசி மூன்று தவணை, தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை, கொரோனா இரண்டு தவணை ஆகிய எல்லாவற்றுக்கும் சான்று காட்டினால்தான் விடுதியிலும் மருத்துவமனை வார்டிலும் அனுமதியாம். இன்டர்னல் தேர்வும் எழுத முடியாதாம். அதே படிவத்தின் அடியில், "என் சுயவிருப்பத்தின் பேரில் போட்டுக்கொள்கிறேன், பின்விளைவுகளுக்குக் கல்லூரி பொறுப்பல்ல" என்று நானும் மகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். 2021இல் என் அண்ணன் கோவிஷீல்டு இரண்டாம் தவணை போட்ட பதினோராம் நாள் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எந்த ஊசியும் போடுவதில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அமெரிக்காவிலும் ரத்து செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். ஊசி இல்லாமலேயே அவளைப் படிக்கவைக்க வழி உண்டா? மதுரையில் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு ஊசிகளும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. கல்லூரி ஐந்தையும் ஒரே தாளில் அச்சடித்துவிட்டதால் நீங்களும் ஐந்தையும் ஒன்றாகவே எதிர்க்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒன்றில் கல்லூரியின் பக்கம் நியாயம் பலமாக இருக்கிறது, இரண்டில் ஓரளவு இருக்கிறது, ஒன்றில் ஏறக்குறைய இல்லை, கையெழுத்து விஷயத்தில் சுத்தமாக இல்லை. குழித்துறையில் பல ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறவள் என்ற முறையிலும், இதே ஊரிலிருந்து அந்தப் பக்கம் நர்சிங் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோரை மாதத்துக்கு இரண்டு பேராவது சந்திக்கிறவள் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

மாணவர்களுக்கு ஊசி கட்டாயம் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியாக இருந்தது. அந்த சமஸ்தானத்தில் ராணி கௌரி லட்சுமிபாய் காலத்திலேயே, 1813இல், அம்மை குத்தும் துறை, அதாவது பெரியம்மைத் தடுப்பூசித் துறை, தொடங்கப்பட்டது. மக்களின் பயத்தைப் போக்குவதற்காக அரச குடும்பத்தினர் தாங்களே முதலில் குத்திக்கொண்டார்கள். ஆனால் 1879இல் அரச விளம்பரம் (அரசாணை) ஒன்றின் மூலம் அரசு ஊழியர், சிறைக் கைதிகள், மாணவர்கள் ஆகியோருக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. மாணவரையும் கைதியையும் ஒரே வரியில் சேர்த்த அந்த விளம்பரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணங்கள் வருகின்றன. என் பாட்டியின் இடது தோளில் இருந்த வட்டத் தழும்பு இல்லாமல் அவர் பெரியம்மையிலிருந்து தப்பியிருக்க மாட்டார் என்பது ஒன்று. மறுக்க முடியாதவர்களிடமிருந்துதான் கட்டாயம் எப்போதும் தொடங்குகிறது என்பது மற்றொன்று. உங்கள் கேள்விக்கு இந்த இரண்டையும் விடாமல்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் வாட்ஸ்அப்பில் படித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2022 மே 2ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் ஆகியோர் வழங்கியது. ஒருவரது உடலின் மீதான உரிமை உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும், எவரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வைக்க முடியாது என்று அதில் சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அந்தத் தகவலை அனுப்பியவர் அடுத்த பத்தியை வெட்டிவிட்டார். பொது சுகாதாரத்துக்காக அரசு தனிமனித உரிமைக்கு வரம்பு விதிக்கலாம். அந்த வரம்புக்குச் சட்ட அடிப்படை இருக்கிறதா, நியாயமான நோக்கம் இருக்கிறதா, நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்கிறதா என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் வகுத்த மூன்று சோதனைகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பத்தி. கொரோனா ஊசி போடாதவர்கள் போட்டவர்களைவிட அதிகமாக நோயைப் பரப்புகிறார்கள் என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் தம் முன் வைக்கவில்லை என்பதால், போடாதவர்கள்மீது விதிக்கப்பட்ட தடைகள் அளவுக்கு மிஞ்சியவை என்று நீதிமன்றம் கருதியது. தொற்று குறைவாக இருக்கும்வரை அவற்றை மறுபரிசீலனை செய்யுமாறு, கல்வி நிறுவனங்களையும் உட்படுத்தி, யோசனை கூறியது. முழுக்கவும் கொரோனாவைப் பற்றி, அன்றைய தரவை வைத்து எழுதப்பட்ட தீர்ப்பு அது. ஹெபடைடிஸ் பி ஊசியை மறுப்பதற்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது.

அமெரிக்கா பற்றிய செய்தியும் பாதிதான். 2022 ஜனவரி 13ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு உத்தரவுகளைப் பிறப்பித்தது. பெரிய நிறுவனங்களின் ஊழியர் அனைவரும் ஊசி போட வேண்டும், இல்லையேல் வாராவாரம் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதியை நிறுத்திவைத்தது. அரசு நிதி பெறும் மருத்துவமனைகளின் ஊழியர்கள் போட வேண்டும் என்ற விதியை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நடைமுறைக்கு வர அனுமதித்தது. கடை ஊழியருக்கு ஒன்று, நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்கு வேறொன்று. மாணவர்களைப் பொறுத்தவரை, இந்தியானா பல்கலைக்கழகத்தின் கட்டாய விதியை எதிர்த்து எட்டு மாணவர்கள் 2021இல் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை. மருத்துவக் காரணத்துக்கும் மதக் காரணத்துக்கும் விலக்கு இருக்கிறது, பிடிக்காதவர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்பது நீதிபதிகளின் வாதம். இந்த இரண்டாவது காரணம் எனக்கு உவப்பானதல்ல. கடன் வாங்கி முதலாண்டுக் கட்டணம் கட்டிய பிறகு "வேறிடம் போகலாம்" என்று சொல்வது நம் ஊரில் தேர்வுரிமையாக இருக்காது. எப்படியிருந்தாலும் அயல்நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு வந்த செய்தி உங்கள் பக்கம் சாயவில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

இனி ஹெபடைடிஸ் பி. உங்கள் மகள் செய்யப்போகும் வேலையை நேரில் கண்டிருந்தால் நீங்கள் இந்த ஊசியை மற்றவற்றோடு சேர்த்திருக்க மாட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, இரண்டாமாண்டு மாணவி, இரவு டூட்டியில் இரத்தம் எடுத்துவிட்டு ஊசியின் மூடியைத் திரும்பப் போடும்போது விரலில் குத்திக்கொண்டாள். கையுறையில் ஒரு புள்ளி, அதற்குள் ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. இவள் ஒரு தவணைகூடப் போட்டிருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைப் போட்டாக வேண்டும். அதன் விலை சில ஆயிரம் ரூபாய். மருந்து வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. பணம் யார் கட்டுவது என்று மருத்துவமனையும் கல்லூரியும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில்தான் அவளுடைய தந்தை எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவள் தப்பித்தாள். ஆறு மாதம்வரை பரிசோதனை, ஆறு மாதமும் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

இந்தக் கிருமி உள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு நோயாளியின் நிலையைப் பொறுத்து 30 சதவீதம்வரை போகக்கூடும். எல்லோரும் அஞ்சும் எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம். கிருமி உலர்ந்த மேசைப் பரப்பிலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஹெபடைடிஸ் பி ஊசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்துக்குள் வந்தது 2011இல்தான் என்பதால் அதற்கு முன் பிறந்த பலர் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. உங்கள் மகளின் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். இருந்தால் இந்தச் சர்ச்சையே பாதி குறையும்.

சட்டப்படி இந்த ஊசிக்குக் கல்லூரி காட்டக்கூடிய ஆதாரம் வலுவானது. நர்சிங் கல்லூரி நடத்துவதற்கான இந்திய நர்சிங் கவுன்சிலின் வழிகாட்டு விதிகளில் மாணவர் சுகாதாரச் சேவை என்ற தலைப்பு உண்டு. ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி மற்றும் தேவையெனக் கருதப்படும் பிற தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி, நோயுற்றால் இலவச சிகிச்சை, ஒவ்வொரு மாணவருக்கும் முழுமையான உடல்நலப் பதிவேடு ஆகியவற்றுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது அது. இதை நிதானமாகப் படியுங்கள். விதி மாணவியைப் பார்த்து "போட்டுக்கொண்டு வா" என்று சொல்லவில்லை. கல்லூரியைப் பார்த்து "ஏற்பாடு செய்" என்று சொல்கிறது. உங்கள் கல்லூரி தன் கடமையை மாணவியின் நிபந்தனையாகத் திருப்பி எழுதியிருக்கிறது. ஊசி இலவசம் என்று அதில் வெளிப்படையாக இல்லை. இலவசம் என்ற சொல் சிகிச்சையோடுதான் வருகிறது. ஆகவே பணம் கேட்டால் முதலில் சட்டத்தை நீட்டாமல், மருத்துவமனையிலேயே போட ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இங்கே அறம் சார்ந்த ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்கத்தான் கட்டாயம் விதிக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் வாதம். ஆனால் ஹெபடைடிஸ் பி ஊசி முதன்மையாகக் காப்பது உங்கள் மகளைத்தான்; நோயாளியைக் காப்பது அடுத்தபடியாகத்தான். அப்படியானால் அவளுடைய நன்மைக்காக அவளையே கட்டாயப்படுத்தலாமா? பொதுவாகக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் இங்கு அவளை ஆபத்தின் அருகே அனுப்புவது கல்லூரி. பட்டாசு ஆலைக்காரர் தொழிலாளியின் சம்மதத்தைக் காட்டிப் பாதுகாப்பு விதியிலிருந்து நழுவ முடியாதது போல, கல்லூரியும் பாதுகாப்பற்ற 18 வயதுப் பெண்ணை வார்டுக்கு அனுப்பிவிட்டு "அவள்தான் வேண்டாம் என்றாள்" என்று கைகழுவ முடியாது. எனவே ஊசி போடாதவரை வார்டு டூட்டி இல்லை என்று சொல்லக் கல்லூரிக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே காரணத்தால், விடுதிக்கும் எழுத்துத் தேர்வுக்கும் அந்தத் தடையை நீட்ட அதற்கு அதிகாரமில்லை என்றும் நினைக்கிறேன். பேனாவால் ஹெபடைடிஸ் பி பரவுவதில்லை.

தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை இரண்டும் வேறு ரகம். பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் மாணவிகள் மாதக்கணக்கில் இருப்பார்கள். கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் ரூபெல்லா தொற்றினால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படக்கூடும். ஆகவே இது உங்கள் மகளின் உடலோடு முடிகிற விஷயமல்ல. யார் தன்னைத் தொடுகிறார்கள் என்று கேட்க முடியாத நோயாளிக்கும் அதில் பங்கு உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த ஊசி போடப்பட்டபோது எத்தனை வதந்திகள் பரவின என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் மகள் அன்று பள்ளியில் போட்டுக்கொண்டாளா என்று கடிதத்தில் இல்லை, விசாரியுங்கள். சின்னம்மை அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தால் ஊசி தேவையில்லை, மருத்துவர் சான்றோ இரத்தப் பரிசோதனையோ போதும். இவை உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கப்படுபவை என்பதால் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. உங்கள் படிவத்தில் மருத்துவ விலக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்றால் அது குறைபாடுள்ள படிவம்.

கொரோனா ஊசியைக் கல்லூரி இன்று கட்டாயமாகக் கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருவோர் இரண்டு தவணைச் சான்றோ ஆர்டி-பிசிஆர் முடிவோ காட்டினால்தான் நம் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியும் என்றிருந்தது. தினமும் பாறசாலையிலிருந்து வந்து வேலை செய்தவர்கள் பட்ட பாட்டை நீங்கள் கடையில் இருந்தபடியே பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் படிவத்தை யாரோ திருத்தாமல் மறுபடி நகலெடுத்திருக்கிறார்கள் என்பதே என் ஊகம். கோவிஷீல்டு தயாரிப்பையே அதைச் செய்துவந்த சீரம் நிறுவனம் 2021 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஜேக்கப் புலியேல் தீர்ப்பு உங்களுக்கு உதவும் இடம் இதுதான். இங்கே அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

உங்கள் அண்ணனின் மரணம் பற்றி ஒரு வழக்கறிஞர் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறையும் பாதிப்பு வரக்கூடும் என்பதை ஆஸ்ட்ராசெனெகா நிறுவனமே பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது 2024இல் செய்தியானது. ஆகவே உங்கள் அச்சத்தை மூடநம்பிக்கை என்று யாரும் தள்ளக் கூடாது. 18 முதல் 45 வயதுவரை உள்ளவர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஊசியால் அந்த அபாயம் கூடவில்லை என்று 2023இல் வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவளாக மாட்டேன். ஆனால் ஹெபடைடிஸ் பி ஊசி அந்த ஊசியின் உறவே அல்ல. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்டில் வளர்த்துச் செய்வது அது. 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றின் பயத்தை மற்றொன்றின் மேல் ஏற்ற வேண்டாம்.

இப்போது கையெழுத்து. "போடாவிட்டால் விடுதி இல்லை, தேர்வு இல்லை" என்று மேலே அச்சடித்துவிட்டுக் கீழே "சுயவிருப்பத்தின் பேரில்" என்று எழுதி வாங்குவது சம்மதமே அல்ல. என்ன செய்யப்போகிறார்கள், என்ன பலன், என்ன அபாயம், மாற்று என்ன என்பதைப் புரியும் விதத்தில் சொல்லி, மறுக்கும் வாய்ப்பும் கொடுத்துப் பெறுவதே சம்மதம் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றமும், பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை என்ற அறிவிப்பை ரத்து செய்து, பக்க விளைவுகளைச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்றது. அதே தீர்ப்பு தடுப்பூசித் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. கட்டாயப்படுத்துகிறவர் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பொறுப்பு வேண்டாம் என்றால் கட்டாயமும் வேண்டாம். "கல்லூரி பொறுப்பல்ல" என்ற வரியை அடித்துவிட்டு, "கல்லூரியின் நிபந்தனைப்படி போட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடலாம். திருத்திய தாளை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் யார் கையெழுத்திடுவது? 1875ஆம் ஆண்டு இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 முடிந்த உங்கள் மகளே தன் உடலைப் பற்றி முடிவெடுக்க உரியவர். உங்கள் கையெழுத்தைக் கல்லூரி கேட்பது சட்டத்துக்குத் தேவையற்ற சடங்கு. அதோடு சேர்த்து, மன்னிக்க வேண்டும், இரண்டு பக்கக் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. உடலின் மீதான உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அவளுடைய உரிமையை. அதைக் கல்லூரி எடுத்துக்கொள்ள முடியாதது போலவே நீங்களும் எடுத்துக்கொள்ள முடியாது.

மதுரை உயர் நீதிமன்றக் கிளை வேண்டாம். கல்லூரி இருப்பது கேரளத்தில்; முடிவு எடுக்கப்பட்டதும் அங்கேதான். திருவனந்தபுரத்தில் உயர் நீதிமன்றக் கிளை இல்லாததால் எர்ணாகுளம்வரை போக வேண்டியிருக்கும், தனியார் கல்லூரிமீது நீதிப்பேராணை (ரிட்) செல்லுமா என்ற வாதமே முதல் சில வாய்தாக்களை விழுங்கிவிடும். அதற்குள் முதலாண்டு முடிந்துவிடும். அதைவிட, மகளின் பெயரிலேயே முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி முதல் தவணையைக் கல்லூரி மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளச் சம்மதம் என்றும், கொரோனா சான்று எந்த விதியின்கீழ் கேட்கப்படுகிறது என்றும், விடுதியையும் தேர்வையும் இதனுடன் இணைத்த உத்தரவின் நகல் வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். நகலைத் திருச்சூரில் உள்ள கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அவள் சம்மதித்தால் நாளைக் கடத்த வேண்டாம். இரண்டாம் தவணை ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைச் சோதித்து, மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளை அவளே வைத்துக்கொள்ளட்டும். பிறகு வேலைக்குப் போகும் மருத்துவமனையும் இதைக் கேட்கக்கூடும். படிவத்தின் இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். கடிதத்தின் வாசகத்தைப் பார்த்துத் தருகிறேன்.